இரண்டு விரல்கள் மடங்கிய பிறகு: பியானோ கலைஞர் லியான் ஃபிளைஷர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த லியான் ஃபிளைஷர்?

அமெரிக்க பியானோ கலைஞர். 1928 ஜூலை 23 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, 2020 ஆகஸ்ட் 2 அன்று பால்டிமோரில் 92 வயதில் காலமானவர். மேற்கத்திய செவ்வியல் இசையில் அவர் தலைமுறையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றாக ஆகிக்கொண்டிருந்தபோது, 36 வயதில், வலக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் அவர் சொல்பேச்சு கேட்காமல் உள்ளங்கைப் பக்கம் மடங்கத் தொடங்கின.

அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் “கை போச்சு, ஊசி போட்டார், கை வந்துடுச்சு” என்று முடித்துவிடுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. கை போனதற்கும் போட்டாக்ஸ் என்னும் அந்த ஊசி போட்டதற்கும் நடுவில் 30 ஆண்டுகள் இருக்கின்றன. அவர் யார் என்பது அந்த 30 ஆண்டுகளில்தான் தெரியும். இந்தப் பக்கத்தை எழுதியதும் அதற்காகத்தான்.

பியானோவுக்கு எப்படி வந்தார்?

அப்பா பெண்களுக்கான தொப்பி செய்து விற்பவர். அப்பா, அம்மா இருவருமே கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதர்கள். முதலில் பியானோ வகுப்பு ஏற்பாடானது அண்ணன் ரேமண்டுக்கு. வாத்தியார் வந்து சொல்லிக்கொடுப்பார். தம்பி ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். பாடம் முடிந்து அண்ணன் விளையாட ஓடியதும், நான்கு வயதுத் தம்பி பியானோவில் ஏறி உட்கார்ந்து, அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்ததை வாசித்துக் காட்டுவான். கொஞ்ச நாளில் வகுப்பு தம்பிக்கு மாறியது. அண்ணனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்திருக்காது.

அம்மாவுக்கு மகனைப் பற்றி இரண்டே கனவுகள்: ஒன்று, அமெரிக்காவின் முதல் யூத ஜனாதிபதி ஆக வேண்டும், இல்லையென்றால் பெரிய பியானோ வித்வான் ஆக வேண்டும். ஃபிளைஷர் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது.

ஆர்தர் ஷ்னாபெல் சிறுவர்களுக்குக் கற்றுத்தர மாட்டார் என்பார்களே, இவரை எப்படிச் சேர்த்துக்கொண்டார்?

உண்மைதான், சேர்த்துக்கொள்ள மறுத்தார். ஷ்னாபெல் அப்போது ஐரோப்பாவின் மதிப்பு மிக்க ஆசான். பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் (பியானோ தனியாக வாசிக்கும் பெரிய படைப்புகள்) முதன்முதலில் முழுமையாக ஒலிப்பதிவு செய்தவர். சின்னப் பிள்ளைகளை அழைத்து வராதீர்கள் என்பது அவர் வைத்திருந்த விதி.

சான் பிரான்சிஸ்கோ சிம்ஃபனி என்ற ஆர்க்கெஸ்ட்ராவின் (பெரிய வாத்தியக் குழுவின்) முன்னாள் இசை நடத்துநர் ஆல்ஃபிரட் ஹெர்ட்ஸ் ஒரு வழி செய்தார். ஷ்னாபெலைத் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பையனை வேறு வழியாக உள்ளே அழைத்துவந்து பியானோ முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். விருந்து முடிந்து கதவைத் திறந்தால் அங்கே ஒன்பது வயதுப் பையன் வாசிக்கத் தயாராக இருக்கிறான். வீட்டுக்காரர் முகத்துக்காகவாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? கேட்ட பிறகு ஷ்னாபெல் தன் விதியைத் தானே மீறினார். பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டார்: இனி மேடைக் கச்சேரி கிடையாது, படிப்பு மட்டும்தான்.

1938-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் இருந்த ஷ்னாபெலின் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தார். போர் மூண்டதும் ஷ்னாபெல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார், பாடம் அங்கே தொடர்ந்தது. மொத்தம் பத்து ஆண்டுகள்.

அந்தப் பத்து ஆண்டுகளில் என்ன கற்றார்?

விரல் பயிற்சியை அல்ல. ஷ்னாபெலின் வகுப்பில் ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்ற மாணவர்கள் எல்லோரும் கூடவே உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு இசை வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது, எந்த ஸ்வரம் எதை நோக்கி நகர்கிறது என்பதுதான் பேச்சு. ஒரே பாடத்தில் ஒரு பக்கம்கூடத் தாண்டாமல் போகலாம்.

நம் ஊரில் குருபரம்பரை சொல்வதுபோல அங்கேயும் சொல்வார்கள். பீத்தோவனின் சீடர் செர்னி, செர்னியின் சீடர் லெஷெடிட்ஸ்கி, அவர் சீடர் ஷ்னாபெல், அவர் சீடர் ஃபிளைஷர். பரம்பரைப் பெருமை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் ஃபிளைஷர் பீத்தோவன் வாசிப்பதைக் கேட்டால் அந்தச் சங்கிலியில் ஏதோ ஒன்று கைமாறி வந்திருக்கிறது என்று நம்பத் தோன்றும்.

கை நன்றாக இருந்த காலத்தில் என்னென்ன சாதித்தார்?

1944-இல் 16 வயதில் நியூயார்க் கார்னகி ஹாலில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவுடன் பிராம்ஸின் முதல் பியானோ கன்செர்ட்டோ (தனிக் கலைஞரும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு). நடத்தியவர் பியர் மோன்தோ. 1952-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ராணி எலிசபெத் இசைப் போட்டியில் முதல் பரிசு. அதை வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான்.

ஆனால் காலத்துக்கும் நிற்பது ஜார்ஜ் ஸெல் நடத்திய கிளீவ்லாந்து ஆர்க்கெஸ்ட்ராவோடு அவர் செய்த ஒலிப்பதிவுகள். 1958 முதல் 1962 வரையிலான அந்தச் சில ஆண்டுகளில் பீத்தோவனின் ஐந்து கன்செர்ட்டோக்கள், பிராம்ஸின் இரண்டு கன்செர்ட்டோக்கள் எல்லாம் பதிவாயின. ஸெல் ஒரு தவறையும் பொறுக்காதவர், வாத்தியக்காரர்கள் அவருக்குப் பயப்படுவார்கள். அப்படிப்பட்டவரோடு 30 வயதுக்காரர் ஒருவர் சரிக்குச் சரி நின்று வாசிப்பது அந்தப் பதிவுகளில் கேட்கும். எங்கும் அவசரம் இல்லை, ஆனால் தாளத்தில் ஒரு முறுக்கு விடாமல் இருக்கும். இன்றும் இந்தக் கன்செர்ட்டோக்களுக்கு முதலில் எதைக் கேட்கலாம் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது இவற்றைத்தான்.

கைக்கு என்னதான் ஆயிற்று?

விபத்து எதுவும் இல்லை. 1964 வாக்கில் வலக்கையில் ஒரு மந்தம் தெரிந்தது. வேகமான இடங்களில் விரல் ஒரு நூல் பின்தங்கியது. அவர் என்ன செய்தார்? எந்தக் கலைஞரும் செய்வதைத்தான். இன்னும் கொஞ்சம் சாதகம் செய்தால் சரியாகிவிடும் என்று மணிநேரத்தைக் கூட்டினார். கூட்டக் கூட்ட மோசமானது. சில மாதங்களுக்குள் நான்காவது, ஐந்தாவது விரல்கள் உள்ளே சுருண்டுகொண்டன.

1965-இல் ஸெல்லும் கிளீவ்லாந்து ஆர்க்கெஸ்ட்ராவும் சோவியத் ஒன்றியம் உள்ளிட்ட பெரிய வெளிநாட்டுப் பயணம் கிளம்பினார்கள். தனிக் கலைஞராக ஃபிளைஷரும் போக வேண்டியது. போக முடியவில்லை. அத்துடன் இரு கை வாசிப்பு நின்றது.

டாக்டர்கள் கையைப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், நரம்பைச் சோதித்தார்கள். குறை எதுவும் தென்படவில்லை. வலியும் பெரிதாக இல்லை. ஊசி, மசாஜ், ஹிப்னாடிசம், மனநல சிகிச்சை என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தார். கையில் குறை இல்லை என்று எல்லோரும் சொல்ல, கண்ணெதிரே விரல் மடங்குகிறது. “உன் மனசில்தான் ஏதோ இருக்கிறது” என்ற பேச்சைப் பல ஆண்டுகள் கேட்கவேண்டியிருந்தது. அந்த நோயில் எனக்கு மிகக் கொடுமையாகப் படுவது இதுதான்.

அந்த நோய்க்குப் பெயர் என்ன?

ஃபோக்கல் டிஸ்டோனியா. கோளாறு கையில் இல்லை, மூளையில். ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் தனித்தனி இடம் உண்டு. ஒரே நுணுக்கமான அசைவை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யும்போது, சிலருக்கு அந்த எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நீட்டச் சொல்லும் ஆணையும் மடக்கச் சொல்லும் ஆணையும் ஒரே நேரத்தில் போகின்றன, தசைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன.

இதன் விசித்திரம், குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போது மட்டும் வரும். அதே கை காபி டம்ளரைப் பிடிக்கும், சட்டைப் பித்தானைப் போடும். பியானோ கட்டையில் வைத்தால் மடங்கும். எழுதும்போது மட்டும் கை இழுத்துக்கொள்ளும் எழுத்தர் வாதம் என்று ஒன்று உண்டே, அதுவும் இந்தக் குடும்பம்தான். பியானோ வாசிப்பவர்களுக்கு வலக்கையில், அதுவும் கடைசி இரண்டு விரல்களில் வருவது அதிகம். மேல்ஸ்தாயியில் மெட்டைத் தாங்கும் விரல்கள் அவை.

அளவுக்கு மீறிச் சாதகம் செய்ததால் வந்ததா?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரைக் கூறு, உடல்வாகு, பதற்றம் எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனால் ஃபிளைஷர் தன்னைத்தான் முதலில் குறைசொன்னார். ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம், உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குவதுபோல விரல்களை வேலைவாங்கினேன் என்பார். கை சோர்ந்தால் நிறுத்து என்று தன் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். சாதகம் செய்யும் எல்லோரும், எந்த வாத்தியமானாலும் சரி, மனதில் வைக்கவேண்டியது இது. மடங்கும் விரலைச் சாதகத்தால் நிமிர்த்த முயல வேண்டாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கை நின்ற பிறகு என்ன செய்தார்?

முதல் இரண்டு ஆண்டுகள் இருண்டவை. தற்கொலை எண்ணம்வரை போனதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். திருமண வாழ்க்கையும் முறிந்தது. தலைமுடியும் தாடியும் வளர்த்துக்கொண்டு ஸ்கூட்டரில் சுற்றினார்.

அதிலிருந்து அவரை மேலே இழுத்தது ஒரு எளிய கண்டுபிடிப்பு. தான் நேசித்தது இசையை. இரண்டு கைகளால் பியானோ வாசிப்பதை மட்டும் அல்ல. இதை எழுதுவது சுலபம். ஐந்து வயதுக்கு முன்பிருந்து ‘நீ பியானோ வாசிப்பவன்’ என்றே வளர்க்கப்பட்ட ஒருவர் இதை உணர என்ன விலை கொடுத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

1967-இல் வாஷிங்டனில் தியேட்டர் சேம்பர் பிளேயர்ஸ் என்ற சிறு இசைக்குழுவை இன்னொருவருடன் சேர்ந்து தொடங்கினார். 1970-இல் அன்னாபொலிஸ் சிம்ஃபனிக்கு நடத்துநரானார், பிறகு பால்டிமோர் சிம்ஃபனியிலும் பொறுப்பு ஏற்றார். அத்துடன் இடக்கை இருந்தது.

இடக்கைக்கு மட்டும் என்று இசை இருக்கிறதா? அது போதுமா?

இருக்கிறது, அதற்குப் பின்னால் இன்னொரு மனிதரின் காயம் இருக்கிறது. பால் விட்கென்ஸ்டைன் என்ற ஆஸ்திரிய பியானோ கலைஞர், தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைனின் அண்ணன், முதல் உலகப்போரின் தொடக்கத்தில் வலக்கையை இழந்தார். பணக்காரக் குடும்பம். அந்தப் பணத்தில் அக்காலத்துப் பெரிய இசையமைப்பாளர்களிடம் இடக்கைக்கென்று படைப்புகள் எழுதச் சொன்னார். ராவெல், புரோகோஃபியெவ், பெஞ்சமின் பிரிட்டன், ஹிண்டமித் என்று நீளும் வரிசை.

எல்லாவற்றிலும் தலைசிறந்தது ராவெலின் கன்செர்ட்டோ. இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆர்க்கெஸ்ட்ராவின் அடியாழத்திலிருந்து, இருட்டிலிருந்து எழுந்து வருவதுபோலத் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரு கை என்று சொல்லவே முடியாது. கட்டைவிரல் மெட்டைப் பாட, மற்ற விரல்கள் கீழே முழு வேலையையும் பார்க்கும். பெடல் அதை ஒட்டி வைக்கும். ஃபிளைஷரின் பிழைப்பே பல ஆண்டுகள் இந்தக் கன்செர்ட்டோதான் என்றால் மிகையில்லை. தனியாக வாசிக்க, வயலினுக்கு பாக் எழுதிய ஷகோன் என்ற படைப்பை பிராம்ஸ் இடக்கைக்கு மாற்றி எழுதியது ஒன்று உண்டு, அதையும் அவர் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

புரோகோஃபியெவ் எழுதியதை விட்கென்ஸ்டைன் வாசிக்கவே இல்லை. ஹிண்டமித் 1923-இல் எழுதிக்கொடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை, பூட்டி வைத்துவிட்டார். அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோனது. விட்கென்ஸ்டைனின் மனைவி இறந்த பிறகு, 2002-இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அவர்கள் வீட்டுப் பொருள்களுக்கு இடையே அதன் பிரதி அகப்பட்டது. எழுதி 80 ஆண்டுகளுக்குப் பிறகு, 2004 டிசம்பரில், பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன், சைமன் ராட்டில் நடத்த, அதை முதன்முறையாக மேடையில் வாசித்தவர் ஃபிளைஷர். ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை இன்னொருவர் தேடிப்போய் எடுத்துக்கொண்டார்.

புதிய படைப்புகளும் வந்தன. அவர் நண்பர் கேரி கிராஃப்மனுக்கும் வலக்கையில் இதேபோன்ற தொல்லை 1979-இல் வந்தது. இருவரும் 1928-இல் பிறந்தவர்கள். வில்லியம் போல்காம் இவர்கள் இருவருக்காகவும் ‘கையா’ என்ற படைப்பை எழுதினார். இரண்டு இடக்கைகள், இரண்டு ஆர்க்கெஸ்ட்ராக்கள். தனித்தனியாகவும் வாசிக்கலாம், ஒன்றாகச் சேர்த்தும் வாசிக்கலாம். 1996-இல் பால்டிமோரில் இருவரும் வாசித்தார்கள்.

1982-இல் ஒருமுறை திரும்பி வந்தாராமே?

வந்தார். மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. பால்டிமோரில் புதிதாகக் கட்டிய மேயர்ஹாஃப் சிம்ஃபனி ஹாலின் திறப்பு விழாவில் இரண்டு கைகளாலும் வாசிப்பதாக அறிவித்தார்கள். பீத்தோவனின் நான்காவது கன்செர்ட்டோ என்று இருந்தது. கை ஒத்துழைக்காது என்று தெரிந்ததும், ஃபிராங்கின் சிம்ஃபனிக் வேரியேஷன்ஸ் என்று மாற்றிக்கொண்டார். தொலைக்காட்சியில் காட்டினார்கள், அரங்கம் எழுந்து நின்றது, பத்திரிகைகள் கொண்டாடின.

அவருக்கு மட்டும் தெரியும், கை சரியாகவில்லை என்று. அரங்கம் கைதட்டத் தட்ட, ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பதாக உணர்ந்தார். கொஞ்ச நாளில் இரு கை நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு மறுபடியும் இடக்கைக்கே திரும்பினார். அவர் வாழ்க்கையில் நான் மிக மதிப்பது இந்த முடிவைத்தான். ஊரே ‘வந்துவிட்டாய்’ என்று சொல்லும்போது ‘இல்லை’ என்பது லேசான காரியமா?

அப்படியானால் போட்டாக்ஸ் அவரைக் குணப்படுத்தியதா?

இல்லை. நோய்க்குச் சரியான பெயர் 1990-களில்தான் கிடைத்தது. ரோல்ஃபிங் என்னும் ஆழமான மசாஜ், கல்லாக இறுகியிருந்த முன்கைத் தசைகளைத் தளர்த்தியது. போட்டாக்ஸ் ஊசி, தசைக்குப் போகும் நரம்புச் செய்தியைக் கொஞ்சம் தடுக்கும். மடக்கும் தசை வலுவிழந்தால் விரல் நீளும். ஆனால் மருந்தின் வேலை மூன்று நான்கு மாதங்களில் தேய்ந்துவிடும், திரும்பப் போட வேண்டும். மூளையில் இருக்கும் கோளாறு அப்படியேதான் இருக்கும். டிஸ்டோனியா வந்தவன் கடைசிவரை டிஸ்டோனியாக்காரன்தான் என்று அவரே சொல்லிவந்தார்.

1995-இல் கிளீவ்லாந்து ஆர்க்கெஸ்ட்ராவோடு மோட்சார்ட்டின் ஏ மேஜர் கன்செர்ட்டோவை, கே. 414 எண் கொண்டதை, இரு கைகளாலும் வாசித்தார். 2004-இல் ‘இரு கைகள்’ என்று பொருள்படும் பெயரில் இசைத்தட்டு வந்தது. இரு கை வாசிப்பில் 40 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்த பதிவு. அந்தச் சுண்டுவிரலை அவர் எந்தக் கணத்திலும் நம்பவில்லை. எந்த விரலால் எந்த ஸ்வரம் என்று புதிதாகத் திட்டமிட்டு, விரலோடு பேரம் பேசிக்கொண்டே வாசித்தார்.

நல்ல ஆசிரியர் என்கிறார்களே, என்ன விசேஷம்?

பால்டிமோரின் பீபாடி இசைப்பள்ளியில் 1959-இல் சேர்ந்தவர், 60 ஆண்டுகளுக்கு மேல் அங்கே கற்பித்தார். 1986 முதல் 1997 வரை டாங்கிள்வுட் இசை மையத்தின் கலை இயக்குநராகவும் இருந்தார். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், ஜோனதன் பிஸ் எல்லாம் அவரிடம் கற்றவர்கள்.

கை நன்றாக இருந்தபோது, மாணவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தானே வாசித்துக் காட்டுவாராம். கை போன பிறகு அது முடியவில்லை. வாசித்துக் காட்ட முடியாததை வாயால் சொல்லியாக வேண்டும். அதனால் கேட்கவும் சொல் தேடவும் பழகினார். தான் நல்ல ஆசிரியன் ஆனது அதற்குப் பிறகுதான் என்று அவர் நினைத்தார்.

அவர் மாணவர்களுக்கு அடிக்கடி சொன்ன ஒன்று: வாசிப்பவருக்குள் மூன்று பேர் இருக்க வேண்டும். முதல் ஆள், கட்டையைத் தொடும் முன்பே வரப்போகும் ஒலியை மனதுக்குள் கேட்பவர். இரண்டாம் ஆள், விரலை இயக்கி வாசிப்பவர். மூன்றாம் ஆள், சற்றுத் தள்ளி உட்கார்ந்து, வந்த ஒலி முதல் ஆள் நினைத்ததுபோல் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் இரண்டாம் ஆளைத் திருத்துபவர். மூவரும் ஒரே நேரத்தில் வேலைசெய்ய வேண்டும். அவருக்குப் பழுதானது நடு ஆள் மட்டும். மற்ற இருவரும் இறப்பதற்கு முந்தைய வாரம்வரை வேலைசெய்தார்கள். 92 வயதில் அப்போதும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளை மாளிகை விஷயம் என்ன?

2007-இல் அவருக்குக் கென்னடி சென்டர் விருது கிடைத்தது. விழாவின் ஒரு பகுதி வெள்ளை மாளிகை வரவேற்பு. ஈராக் போரை எதிர்த்தவர் என்பதால் போகவே தயங்கினார். கடைசியில் சமாதானச் சின்னம் அணிந்துகொண்டு போனார், அந்தத் தயக்கத்தைப் பிறகு பத்திரிகையில் எழுதவும் செய்தார்.

இதுவரை அவரைக் கேட்டதில்லை. எங்கே தொடங்கலாம்?

பிராம்ஸின் முதல் கன்செர்ட்டோவில், ஸெல்லோடு 1958-இல் பதிவானது. ஆர்க்கெஸ்ட்ரா இடி இடித்து ஓய சில நிமிடங்கள் ஆகும், பொறுமையாக இருங்கள். பியானோ அந்த இடிக்குப் பதிலடி கொடுக்காமல், தனக்குள் பேசிக்கொள்வதுபோல நுழையும். அடுத்து ராவெலின் இடக்கை கன்செர்ட்டோ.

பிறகு ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா, பி ஃபிளாட் மேஜர். இதை அவர் 1950-களில் ஒருமுறை பதிவுசெய்தார், 2004 தட்டில் மறுபடியும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், இரைச்சல் இல்லாத நேரத்தில், நல்ல ஹெட்ஃபோனில். தொடக்கத்தில் வலக்கை ஒரு மெதுவான பாட்டைப் பாடும். அந்த முதல் வரி முடியும் இடத்தில், மிகக் கீழே, கேட்கிறதா இல்லையா என்ற அளவில் ஒரு நடுக்கம் வரும், தூரத்து இடிபோல. பிறகு ஒரு மௌனம். அந்த நடுக்கத்தை வாசிப்பது இடக்கை.